வெண்மதி கண்டுபிடித்த மேடு

என் மச்சினி வெண்மதியோடு பத்து நிமிடம் பேசினால் யாருக்கும் கோபம் வரும். எனக்கு எட்டு வருடம் வந்தது. நாம் எதைச் சொன்னாலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்படித் தெரியும்?” எதிர் வீட்டு ரேகாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம் என்று என் மனைவி பவானி சொன்னால், எப்படித் தெரியும். இன்றைக்கு மீன் நல்ல மீன் என்று நான் முதுநகர் மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், எப்படித் தெரியும். கேலிக்குக் கேட்க மாட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அக்காளும் தங்கையும் பெண்ணாடத்துக்காரர்கள். மாமனார் கலியமூர்த்திக்குக் கரும்பு விவசாயம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும் தேதியைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் வைப்பார்கள். அந்த வீட்டிலிருந்து இயற்பியல் படித்து, கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை வாங்கிக்கொண்டு, 2004 ஜூனில் வெண்மதி செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு சூட்கேஸ், இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். மாடியில் வீடு, கீழே என் கடை. பவானி ப்ரௌசிங் சென்டர் என்று பெயர். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இளவரசு என்கிற நான்.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். ஆறு வருடத்துக்குள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். 2011 பிப்ரவரி கடைசி நாள். தவறினால் பதிவு ரத்தாகிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியிலோ டாக்டர் பட்டம் இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே அந்தத் தேதி அவளுக்கு மட்டுமில்லாமல் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

சனிக்கிழமை தோறும் சிதம்பரம் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே போவாள். ஒருமுறை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் இவள் எழுதிக்கொண்டே இருந்து, அதே பஸ்ஸில் கடலூருக்கே திரும்பி வந்துவிட்டாள். கண்டக்டர் பாவம் பார்த்து டிக்கெட் கேட்கவில்லையாம். வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “ஆனா கணக்கு வந்துடுச்சி மாமா” என்றாள். இப்படிப்பட்டவளை என்ன செய்வது?

அவள் என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சாதாரண கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு பிட்டும் ஆன், இல்லன்னா ஆஃப். குவாண்டம் கம்ப்யூட்டர்ல ரெண்டும் கலந்தாப்ல ஒரு நெலமை இருக்கும் மாமா. அதுலதான் அதோட பலமே. ஆனா வெளியிலேருந்து கொஞ்சம் தொந்தரவு வந்தாலும் அது கலைஞ்சி, மறந்துபோன மாதிரி ஆயிடும். எவ்ளோ நேரத்துல கலையுது, எப்படிக் கலையுதுன்னு நான் பாக்குறேன்.”

“அந்த மெஷின் எங்க இருக்குது?”

“நம்மகிட்ட இல்ல. நம்ம கம்ப்யூட்டர்ல அது மாதிரி நடிக்க வெச்சிப் பாக்குறோம்.”

“அப்ப இல்லாத மெஷினுக்கு வர்ற ஞாபக மறதிக்கு நீ டாக்டரு.”

“கரெக்டு மாமா” என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல். தோசை கருகிவிட்டது.

அப்படி நடிக்க வைப்பதற்கு நிறைய கம்ப்யூட்டர், நிறைய நேரம் வேண்டும். கல்லூரி லேபை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். சிதம்பரத்தில் இருந்த பெரிய மெஷினுக்கு ஏகப்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். 2008 வாக்கில் ஒருநாள் என் கடைக்குள் வந்து எட்டு மெஷினையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “கடை மூடுனதுக்கப்புறம் இதெல்லாம் சும்மாதான் இருக்குதா மாமா?” என்று கேட்டாள். கேட்கத் தயங்கிக்கொண்டே கேட்டாள். எனக்கு ஒரே பெருமை. என் கடையில் வெளிநாட்டுக்காரன் படிக்கிற ஆராய்ச்சி நடக்கப் போகிறது!

முதல் வாரம் அவளே வந்து ஓட்டினாள். பிறகு, “நீ போய்ப் படு, நான் இருக்கேன்ல” என்று வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கடை மூடும்போது ஒவ்வொரு மெஷினிலும் அவளுடைய புரோகிராமைத் திறக்க வேண்டும். கறுப்புத் திரையில் அது ஒரு நம்பர் கேட்கும். நம்பரை அடித்து என்டர் தட்டிவிட்டு ஷட்டரை இறக்கினால், காலையில் விடை வந்திருக்கும். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைப் பென் டிரைவில் ஏற்றி அவள் டிபன் பையில் போட்டுவிடுவேன்.

“என்னா நம்பர் அடிக்கணும்?” என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: “எது வேணா அடிங்க மாமா. ஒவ்வொரு மெஷின்லயும் வேற வேற நம்பரா இருக்கணும், அவ்ளோதான்.”

முதல் நாள் கைக்கு வந்ததை அடித்தேன். அன்றைக்கு இரண்டு மெஷின் அப்படியே நின்றுபோய்விட்டது. அதில் ஒரு நம்பர் 35, கூட்டினால் எட்டு. நல்ல காரியத்துக்கு இப்படியா நம்பர் போடுவது என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் யோசித்துப் போட்டேன். 11, 21, 51, 101, 108, 501, 1001, 1008. ஒன்றில் முடியும் மொய் நம்பர் ஆறு, சாமி நம்பர் இரண்டு. காலையில் எட்டு மெஷினிலும் விடை கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. கைராசி அமைந்துவிட்ட பிறகு யாராவது மாற்றுவார்களா? நானும் மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேல் தினமும் அதே எட்டு நம்பர். ப்ரௌசிங் சென்டர் என்றால் வருகிறவர் பெயர், விலாசம், நேரம் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் இதையும் ஒழுங்காக எழுதி வைத்தேன். பெயர்: வெண்மதி. மெஷின் ஒன்று: பதினொன்று. இப்படி.

2009 கடைசியில் அவள் அந்த மேட்டைக் கண்டுபிடித்தாள். கலைந்துபோவதைக் கோடாக வரைந்தால் அது மேலேயிருந்து கீழே சரிந்துகொண்டே வரும். ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் எழும்பி ஒரு மேடு தட்டிவிட்டு மறுபடி இறங்கியது. மறந்தது லேசாக ஞாபகம் வந்துவிட்டுத் திரும்ப மறக்கிற மாதிரி. ஆறு பிட், ஏழு பிட், பத்து பிட் என்று எத்தனை கோத்து வைத்துப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே மேடு. இதை இதற்கு முன் யாரும் சொன்னதில்லையாம். வெண்மதி நடக்கும்போதே பாட்டு முணுமுணுத்ததை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் நானே ஒட்டினேன். வருகிறவர்களிடம் எல்லாம், “பாத்தியா, இது நம்ம கடையில கண்டுபிடிச்சது” என்று காட்டுவேன். மெயில் பார்க்க வந்தவர்கள் மெயிலைப் பார்க்க விடாமல் நான் படுத்தியதாக இன்றும் பவானி சொல்கிறாள்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று 2010 அக்டோபரில் அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதை வைத்தே தீசிஸ் பாதி முடிந்த மாதிரி. மாமனார் பெண்ணாடத்திலிருந்து ஒரு மூட்டை வெல்லம் அனுப்பினார்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வந்தாள். “தீசிஸ் பின்னாடி, ஒவ்வொரு தடவையும் என்னா நம்பர் போட்டோம்னு ஒரு பட்டியல் குடுத்தா நல்லாருக்கும் மாமா. அப்பவே நான் எழுதி வெச்சிருக்கணும். ஒங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது” என்றாள்.

ஞாபகமா! நான் மேசைக்கு அடியிலிருந்து மூன்று ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டி முன்னால் வைத்தேன். “ஒருநாள் வுடாம எழுதியிருக்கேன். பாத்துக்க.”

முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் பக்கம் புரட்டினாள். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. இரண்டாவது ரிஜிஸ்டர். மூன்றாவது ரிஜிஸ்டர். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா” என்றாள். என் ஒழுங்கைப் பார்த்து மலைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டு நாலு மெஷினில் அவளே வேறு நம்பர் போட்டு ஓட்டினாள். மூன்று மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் மெஷினில் மேடு வேறு இடத்தில் வந்தது. அடுத்த இரண்டில் மேடே இல்லை. நாலாவதில் மேடு இருந்த இடத்தில் பள்ளம்.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து வரும் தொந்தரவைக் கம்ப்யூட்டர் தாயக்கட்டை உருட்டுவது போல் உருட்டித்தான் உண்டாக்குகிறது. எந்த நம்பரைக் கொடுக்கிறோமோ அதிலிருந்து உருட்டத் தொடங்கும். அதே நம்பர் என்றால் அதே உருட்டல், அதே வரிசை, அதே தொந்தரவு. “எட்டு வருஷத்து மழையை எழுதி வெச்சிகிட்டு, அதையே நூறு ஊருக்கும் போட்டுப் பாத்துருக்கோம் மாமா. எல்லா ஊர்லயும் ஒரே தேதியில மழை பேயுதுன்னு நான் கண்டுபிடிச்சிருக்கேன்” என்றாள்.

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. என் குணம் அப்படி. “எது வேணா அடின்னு சொன்னது யாரு? தெனமும் மாத்தணும்னு சொல்லித் தொலைஞ்சிருந்தா மாத்திட்டுப் போறேன்! ஒவ்வொருத்தர்கிட்டயும் எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு உயிரை எடுப்பியே, எங்கிட்ட மட்டும் ஒரு நாளாவது கேட்டியா?” என்று கத்தினேன். மாடியிலிருந்து பவானி ஓடி வந்துவிட்டாள்.

வெண்மதி ரிஜிஸ்டர்களை அடுக்கினாள். அப்புறம் நான் இன்னொன்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. “சரி வுடு. இந்த மூணு ரிஜிஸ்டரையும் கொளுத்திட்டா யாருக்குத் தெரியப் போவுது? இன்னும் மூணு மாசம்தான் இருக்குது. மொதல்ல டாக்டர் ஆயிடு” என்றேன்.

“எனக்குத் தெரியும் மாமா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போய்த் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ரிஜிஸ்டரைக் காட்டினாள். அங்கிருந்தே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஏற்றுக்கொண்ட கட்டுரையை! பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுவதற்கு மெஷின் எங்கே இருக்கிறது, நேரம் எங்கே இருக்கிறது என்று. வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் சொல்லும்போதுதான் அழுதாள். சின்னப் பெண் போல மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். ஆறு வருடம் போச்சே என்று பவானியும் கூடச் சேர்ந்து அழுதாள்.

நான் கீழே இறங்கிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கி, “கடை வேலை நடக்கிறது” என்று ஒரு அட்டையை மாட்டினேன். பகலும் இரவும் எட்டு மெஷினும் அவளுக்கு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை ஓட்டலாம். ஒவ்வொரு தடவைக்கும் இதுவரை போடாத ஒரு நம்பர் வேண்டும். இனி என் மூளையிலிருந்து ஒரு நம்பரும் எடுக்கக் கூடாது என்று அக்காளும் தங்கையும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எனக்கு அதில் பேச வாய் ஏது?

அதற்குப் பவானிதான் வழி கண்டுபிடித்தாள். காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடை வாசலில் போட்டுக்கொண்டு, ரோட்டில் போகும் வண்டிகளின் நம்பரை வரிசையாக எழுதினாள். டிஎன் முப்பத்தொன்று என்பதை விட்டுவிட்டுக் கடைசி நாலு எண். பால் வண்டி, ஷேர் ஆட்டோ, நெய்வேலி பஸ், பள்ளிக்கூட வேன். ஏற்கெனவே வந்த நம்பராக இருந்தால் அடித்துவிடுவாள். பக்கத்துக் கடைக்காரர் என்ன ஏது என்று பயந்துபோய், “அண்ணி, போலீஸ் கேஸ் ஏதாச்சுமா?” என்று கேட்டார். “இல்லப்பா, குவாண்டம் கம்ப்யூட்டருக்கு” என்று பவானி சொன்ன அழகை வெண்மதி இன்னும் நடித்துக் காட்டுவாள். கூட்டினால் எட்டு வரும் நம்பர்களையும் அவர்கள் விடவில்லை. அதை எல்லாம் என் கையாலேயே அடிக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். ஒரு மெஷினும் நிற்கவில்லை.

ஜனவரியில் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று கடை வாசலில் ஐம்பது பேர். உள்ளே எட்டு ஸ்கிரீன் எரிவது ஷட்டருக்குக் கீழே தெரிகிறது, ஆனால் கடை இல்லை என்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒருத்தன் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “அண்ணே, மெஷின் எல்லாம் சும்மா ஓடுதேண்ணே” என்றான். “அது சும்மா ஓடல, போடா!” என்று விரட்டினேன். அன்று போனவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் என் கடைப் பக்கம் வரவே இல்லை. போகட்டும்.

தினமும் மாலையில் வெண்மதி புதிதாகக் கோடு வரைவாள். நானும் பின்னால் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் மேடு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. முதலில் பாதியானது, பிறகு லேசான வீக்கம் மாதிரி ஆனது, பொங்கல் முடிந்த வாரத்தில் கோடு மழமழவென்று சரிந்துவிட்டது. ஒரு வருடம் கண்ணால் பார்த்துப் பழகிய மேடு. எனக்கு மனசு கேட்கவில்லை. சுவரில் இருந்த பிரிண்டை யாருக்கும் தெரியாமல் நானே கிழித்தேன்.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி, மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது தீசிஸைக் கொடுத்தாள். புதிய கண்டுபிடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. எந்தத் தொந்தரவில் எவ்வளவு நேரத்தில் கலையும் என்ற சுத்தமான கணக்கு, அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தத் தப்பைப் பற்றி. என் இங்கிலீஷுக்கு அதெல்லாம் எட்டாது, நான் படிக்கவில்லை. இப்படி ஒரு தீசிஸை ஏற்றுக்கொள்வார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று ஒரு வருடம் தபால்காரரையே பார்த்துக்கொண்டு இருந்தோம். தேர்வாளர்களின் அறிக்கை எல்லாம் வந்து 2012 மார்ச்சில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி சொன்னார்கள். அங்கே அவள் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

நானும் பவானியும் கூடவே போனோம். தானே புயல் அடித்து மூன்று மாதம் ஆகியும் வழி நெடுக மரங்கள் வேரோடு கிடந்தன.

சிதம்பரத்தில் துறையின் செமினார் ஹால். நாற்பது, ஐம்பது பேர். சமோசாவும் டீயும் வெளியே மேசையில் தயார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முன்வரிசையில் தீசிஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கவே இல்லை. வெண்மதி முக்கால் மணி நேரம் பேசினாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தார். “இதை எழுதாம விட்டிருந்தாலும் மத்த அத்தியாயம் எல்லாம் நிக்கும். சரி, இவ்ளோ அடிப்படையான தப்பு எப்படி நடந்தது?” என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். பவானி சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் உட்காரவில்லை.

“ஐயா, மன்னிக்கணும். அந்த நம்பரு எல்லாம் போட்டது நான்தாங்க. கடலூர்ல ப்ரௌசிங் சென்டர் வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. இதை வெச்சி அதோட பட்டத்தை நிறுத்திடாதீங்க.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தீசிஸில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்துப் படித்தார். “இதுல அப்படி இல்லையே. ‘தொடக்க எண்களை நான் தவறாகக் கொடுத்தேன்’னு இருக்கு. அத்தியாயம் முழுக்க ‘நான்’னுதான் இருக்கு. ஏம்மா, எது உண்மை?”

எனக்கு அப்போதுதான் தெரியும். ஐந்தாம் அத்தியாயத்தில் என் பெயரோ என் கடையின் பெயரோ ஓரிடத்திலும் இல்லை.

வெண்மதி மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்பரை அடிச்சது அவுங்க சார். அதை எழுதி வெச்சிருக்க வேண்டியது நான். நான் எழுதி வெக்கல. எங்க மாமா எழுதி வெச்சிருந்தாங்க. அவுங்க மட்டும் எழுதாம இருந்திருந்தா அந்தத் தப்பு இன்னைக்கும் உண்மையாதான் இருந்திருக்கும்.”

அவர் தீசிஸை மூடினார். பேனாவை எடுத்து அதன் அட்டையிலேயே ஏதோ குறித்துக்கொண்டு, “பட்டத்தை யாரும் நிறுத்தல. அத்தியாயத்துல சேர்க்கணும், அந்தக் கடைக்கு என்ன பேரு?” என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.